சிவப்பு வாளித் தண்ணீர்

திங்கட்கிழமை காலையில் பல்கூடத் தேய்க்காமல் அவர் சபதம் போட்டார்.

"இந்த நத்தைக் கூட்டத்தையே ஒழிச்சுக் கட்டுறேன் பார்! மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. எல்லாம் இயற்கை வழி!"

அவர் பூட்டு, சாவி ரிப்பேர் செய்கிறவர். திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிற பூட்டெல்லாம் அவர் கை பட்டால் பல்லை இளிக்கும். வீட்டில் அவருக்கு ஒரே ஆசை, முன் அறை ஜன்னல் ஓரத்து மீன் தொட்டி. உள்ளே பச்சைப் பசேலென்று செடிகள், நாலைந்து மீன்கள். செடியில் ஒட்டிக்கொண்டு வந்த ரெண்டே ரெண்டு நத்தை குடும்பம் பெருக்கி, இப்போது மீன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அவர் மனைவிக்கோ அந்த ஜன்னல் மேல்தான் கண். அவளுடைய தையல் மெஷின் நடைவழி இருட்டில் கிடந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினால் தையல் எங்கே போகிறதென்று மெஷினுக்கே தெரியாது.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம் தரேன். அப்போ தொட்டிக் கண்ணாடில ஒரு நத்தை இருந்தாலும் அந்த இடம் என் மெஷினுக்கு."

"இல்லேன்னா?"

"இந்த ஜென்மத்துல ஜன்னல் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அவருக்கு வாயெல்லாம் பல்.

படுக்கப் போகும்முன் வேக வைத்த வெள்ளரித் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கினார். விடிந்து பார்த்தால், சும்மா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடி வந்த கூட்டம் போல அதன் மேல் நத்தைகள்! அப்படியே அலுங்காமல் தூக்கினார்.

"நசுக்கித் தொலைங்க."

"பாவம்மா. அதுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்."

"அதானேங்க பிரச்சினையே!"

குழாய்த் தண்ணீரில் விட்டால் செத்துவிடுமே என்று, பின்கட்டில் இருந்த சிவப்பு வாளியில் விட்டார். குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் ஆற வைத்துத் தொட்டியில் ஊற்றுவதற்கென்றே வைத்த வாளி அது. ஞாயிறு சாயங்காலம் மொத்தமாக வாய்க்காலில் விட்டுவிடலாம் என்பது திட்டம்.

புதன் காலையும் அதே கூட்டம். கடைக்குக் கிளம்புகையில் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, அந்தச் சிவப்பு வாளில..."

"தினமும் மத்தியானம் மூணு மணிக்கு அதுலேருந்து ரெண்டு சொம்பு தொட்டியில ஊத்தணும். என்னைக்கோ சொல்லியாச்சு. ஏன் எதுக்குன்னு கேக்காத. மீன் சாஸ்திரம் உனக்குப் புரியாது."

"சரிங்க."

அந்தச் "சரிங்க"வில் அவர் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான இந்த ஏழு வருஷத்தில் அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே கிடையாது.

ஞாயிறு காலை கடைசி நத்தையையும் பொறுக்கினார். தொட்டிக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல் இருந்தது. மீசையை முறுக்கினார். வயிறு முட்டச் சாப்பிட்டார். நிம்மதியாகத் தூங்கினார்.

நாலு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால், தொட்டியில் மறுபடி திருவிழாக் கூட்டம்! முன்னால் தலைவர் மாதிரி ஒரு நத்தை. அதன் ஓட்டின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி.

தோல்வியிலும் மனுஷர் துள்ளினார். "ஏம்மா, ஓடி வா! புது ஜாதி நத்தை! சிவப்புப் பொட்டு வச்சது! உலகத்துலயே நம்ம வீட்ல மட்டும்தான்!"

அவள் தன் விரல்களை நீட்டினாள். நகத்திலும் அதே சிவப்பு.

"புதன்கிழமை நான் வச்ச நகப்பாலிஷ்ங்க அது. தினமும் காலைல நீங்க அதை வாளிக்கு அனுப்பி வைக்கிறீங்க. மூணு மணிக்கு நான் திரும்பக் கூட்டிட்டு வரேன்."

"சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொல்லத்தான் வந்தேன். சாஸ்திரம் புரியாதுன்னீங்க. சரி சரி, மெஷினை அந்தப் பக்கம் பிடிங்க."

தொட்டி எதிர்ச் சுவரோரம் டியூப் லைட்டுக்கு அடியில் போனது.

"காலைல ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடின்னு தீனியக் கொட்டினா, மீன் தின்ன மிச்சத்துல நத்தை பெருகாம என்ன செய்யும்?" என்று அவள் தீனி டப்பாவை மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே ஒரு சிட்டிகை. ரெண்டு மாதத்தில் நாலு நத்தைதான் மிச்சம். அதில் ஒன்று சிவப்புப் பொட்டுக்காரி.

ஊரார் பூட்டையெல்லாம் திறந்துவிட்டு வீடு திரும்புகிற மனுஷர், கையில் கருவிப் பையோடு ஜன்னல் ஓரம் நிற்கிறார்: "அந்த டிராயரைக் கொஞ்சம் திறக்கிறியாம்மா?"