மேட்டுக்காட்டு பிரேக் சாமி

கோயமுத்தூரில் இறங்குகிற விமானங்களை விமானிகள்தான் நிறுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு உலகம் தெரியாது. நிறுத்தியவர் சின்னியம்பாளையம் பக்கத்து மேட்டுக்காட்டில் உட்கார்ந்திருந்த பிரேக் சாமி. கையில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். விமானக் கம்பெனிகளிடம் அவர் சம்பளம் வாங்கவில்லை. பக்தர்களிடம் மட்டும்தான் வாங்கினார்.

மேட்டிலிருந்து பார்த்தால் மதில் சுவருக்கு அப்பால் ஓடுதளம் தெரியும். விமானம் தரையைத் தொட்டதும் சாமி பழத்தோடு கையைத் தூக்கி, "அடங்கு தாயி" என்பார். பெரிய உறுமல் கேட்கும். மந்திரம் தாங்காமல் கதறுகிறது என்று அதற்கு விளக்கம் வேறு. விமானம் வேகம் குறையும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். துபாய்க்குப் பிள்ளையை அனுப்பியவர்கள், சிங்கப்பூரில் மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகிறவர்கள், ஆர்.எஸ்.புரத்துப் பணக்காரப் பட்டுச்சேலைகள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சாமியின் பூர்வாசிரமப் பெயர் கோவிந்தராஜுலு. அப்போது பல்லடத்தில் கோழிப்பண்ணைகளுக்குத் தாயத்து கட்டிக்கொண்டிருந்தார். செத்த கோழி எதுவும் திரும்பி வந்து புகார் கொடுக்காததால் தொழில் வளர்ந்தது.

மாரியாத்தாளும் அங்கே வந்தாள். அவள் மகள் லோகப்பிரியாவுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்திருந்தது; மறுநாள் காலை கிளம்பவேண்டும். என்ன வேலை தெரியுமா? விமானத்தின் சக்கரத்தையும் பிரேக்கையும் பராமரிக்கிற வேலை. அப்பேர்ப்பட்ட பெண்ணைப் பெற்றவள், விமானம் ஒழுங்காக நிற்குமா என்று எலுமிச்சம்பழத்திடம் கேட்க வந்தாள். சாமி ஜாதகத்தைப் பார்த்து, சக்கர கண்டம் என்றார். அமாவாசை கழியும்வரை பாஸ்போர்ட் பழத்தட்டில் இருக்கவேண்டும் என்றார். அவளும் மகளுக்குத் தெரியாமல் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அமாவாசையோ அடுத்த வாரம். வேலை அதுவரை காத்திருக்காது.

விஷயம் தெரிந்து லோகப்பிரியா வந்தபோது, மாலை விமானத்துக்காகக் கூட்டம் காத்திருந்தது. பாஸ்போர்ட்டைக் கேட்டாள். சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க கையத் தூக்காட்டி என்னாகுமுங்க?" என்று கேட்டாள்.

"ஓடுதளத்தத் தாண்டி ஓடிப்போகும் கண்ணு. அத்தன உசுருக்கும் நீ பதில் சொல்லோணும். தூக்காம இருக்கட்டுமா?"

கூட்டம் நடுங்கியது, அவளைத்தான் திட்டியது. தொழில் சூட்சுமமே இதுதான். சோதித்துப் பார்ப்பதைப் பாவமாக்கிவிட்டால், அப்புறம் மந்திரம் தோற்க வழியே கிடையாது.

லோகப்பிரியா பொறுமையாக விளக்கினாள். வேகம் எவ்வளவு விரைவாகக் குறையவேண்டும் என்று விமானி இறங்குமுன்பே ஒரு குமிழைத் திருகி வைத்துவிடுகிறார். சக்கரம் தரையைத் தொட்டுச் சுழன்றதும் கணினியே பிரேக் போடுகிறது. சொன்ன அளவு மாறாதபடி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஏதாவது ஒரு சக்கரம் சுழலாமல் இழுபடப் பார்த்தால், அதற்கு மட்டும் பிடியைத் தளர்த்தி மறுபடி பிடிக்கிறது. விமானியே மிதியை அழுத்தினால் தானியங்கி விலகிக்கொள்கிறது. அந்த உறுமல், என்ஜின் காற்றை முன்புறமாகத் திருப்பித் தள்ளுகிற சத்தம். கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். எலுமிச்சம்பழமென்றால் இவ்வளவையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லையே.

"அந்தக் கம்ப்யூட்டருக்குச் சக்தி குடுக்கறது யாரு? சக்கரம்னு எது இருந்தாலும் எனக்குக் கட்டுப்பட்டது" என்றார் சாமி.

தவளை தன் வாயால் கெடும். மேட்டுச் சரிவில் சாமியின் புதுக் கார் பூஜைக்காக நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம்.

"அப்ப அந்தக் காருங்க? பிரேக்க எடுத்துவுட்டுப்போட்டு, நீங்க கையத் தூக்கி நிறுத்துங்க. கீழ மணல் குவியல்தானுங்க, ஒரு உசுருக்கும் சேதமில்ல."

சாமி ராகுகாலம் என்றார். விரதம் என்றார். பக்தர்கள் விடவில்லை. அவர்களுக்குச் சந்தேகம் ஒன்றுமில்லை, மெய்யாகவே நம்பினார்கள். அந்தப் பெண்ணுக்குப் புத்தி வரட்டும், காட்டிவிடுங்கள் என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். டிரைவர் சின்னானும் நம்பிக்கைக்காரன். கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் எடுத்துவிட்டு, பயபக்தியோடு இறங்கிக்கொண்டான்.

பழங்கள் நசுங்கின. கார் உருண்டது. சாமி கையைத் தூக்கி, அடங்கு தாயி என்றார். தாயி அடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பார்த்தார். கார் வேகம் பிடித்தது. சாமி பழத்தை வீசிவிட்டு, காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"டேய் சின்னான், ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு இழுடா."

அந்த நேரம் பார்த்து மாலை விமானம் இறங்கியது. அதை நிறுத்தவேண்டியவர் இரண்டு கையாலும் கார்க் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். விமானம் தரையைத் தொட்டது, உறுமியது, வேகம் குறைந்து சாவகாசமாகத் திரும்பி நிலையத்தை நோக்கிப் போனது. கார் மணலில் மூக்கைச் செருகி நின்றது.

கன்னத்துக்குப் போன கைகள் பாதியிலேயே நின்றன. ஆர்.எஸ்.புரத்துக்காரர் ஒருவர் மட்டும், சாமி ஓடிக்கொண்டே மனசுக்குள் நிறுத்தியிருப்பார் என்று ஆரம்பித்தார். மாரியாத்தாள் தட்டிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, முந்தானையில் துடைத்து மகளிடம் கொடுத்தாள். பிறகு இறங்கிப்போய், மணலில் கிடந்தவரிடம் மரியாதை குறையாமல் கேட்டாள்.

"ஏனுங்க சாமி, காரு நிக்கோணும்னா ஹேண்ட் பிரேக்கு வேணும், ஏரோப்ளேன் நிக்கோணும்னா எலுமிச்சம்பழம் போதுமுங்களா?"

சாமி வாயிலிருந்த மணலைத் துப்பினார்.

லோகப்பிரியா மறுநாள் காலை பறந்தாள். வேறு ஏதாவது ஊரில் வேறு யாராவது இந்நேரம் கையைத் தூக்கியிருப்பார். நீங்கள் உங்கள் கையைக் கூப்புவதற்கு முன்னால், அவர் கையை ஒருமுறை இறக்கச் சொல்லிப் பாருங்கள்.