கத்திரி அண்ணன் பார்த்த தாதா படம்

மரக்காணத்தில் கத்திரி அண்ணனிடம் தப்பித்த படம் என்று இதுவரை ஒன்றுகூடக் கிடையாது. நூறு நாள் ஓடிய படமாக இருந்தாலும் சரி, மூட்டை மூட்டையாக விருது வாங்கிய படமாக இருந்தாலும் சரி, அவர் வெட்டி முடித்தால் டைட்டிலும் 'வணக்கம்' கார்டும்தான் மிஞ்சும். "அந்தப் பாட்ட வெட்டு. அம்மா சென்டிமென்ட்ட வெட்டு. ஹீரோயினுக்கு அப்பன் எதுக்கு? அவனையும் வெட்டு" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லியே அவருக்குக் கத்திரி என்று பேர் வந்தது. ரேஷன் கார்டில் வேறு பேர் இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

தொழில், உப்பளத்தில் மேஸ்திரி. பாத்தியில் இறங்கி, ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, "வெளஞ்சிடுச்சி, வாருங்கடா" என்றோ, "இன்னும் வெளையல, வுடு" என்றோ தீர்ப்புச் சொல்கிற வேலை. விடியும் முன்னே போனால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மீதிப் பகல் முழுக்க சினிமாவுக்குத் தீர்ப்பு. பஸ் ஸ்டாண்டு எதிரில் நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடைதான் அந்த டீக்கடை. அதனால் எல்லாத் தீர்ப்பும் எனக்கு ஓசியிலேயே கிடைத்துவிடும்.

சினிமாவோடு நின்றாலும் பரவாயில்லை. இரும்பை கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டில் கல்யாண வீடியோ போட்டார்கள். மாப்பிள்ளை, பெண், சம்பந்தி எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, "தாலி கட்டுற சீனு வர்றதுக்கு ஒன்னேகால் மணி நேரம் ஆவுது. ஃபர்ஸ்ட் ஹாஃப் செம லேக்" என்றார். அன்றைக்கு அவர் இலையில் மட்டும் வடை விழவில்லை. சொந்தக் கல்யாண ஆல்பத்தையும் விட்டுவைக்கவில்லை. "எல்லாம் சரியா இருக்குது. ஹீரோ செலக்‌ஷன்லதான் கோட்ட வுட்டுட்டாங்க" என்பார். உள்ளேயிருந்து அண்ணி, "அதத்தான் நானும் இருவது வருஷமா சொல்றேன்" என்று குரல் கொடுப்பார்.

"ஏன்ணா, சும்மாவாச்சும் ஒரு படத்த நல்லாருக்குன்னு சொன்னா என்ன கெட்டுப்போச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெளையாத உப்ப வெளஞ்சிதுன்னு சொன்னா பாத்தியே பாழாப்பூடும்பா. வாய் அப்படியே பழகிடுச்சி. பொய் சொல்ல வரமாட்டேங்குது" என்றார். இப்படிப்பட்டவரிடம்தான் கராத்தே பாய் தன் படத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

பாய் கூனிமேட்டுக்காரர். எங்கள் ஊர் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன், காலைத் தூக்கினால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, ஒரு சண்டைப் படம் எடுத்துவிட வேண்டும். எடுத்தும்விட்டார். கதை, வசனம், டைரக்‌ஷன், ஃபைட், ஹீரோ எல்லாம் அவரே. இரவல் கேமரா ஒன்று, நண்பர்கள் நாலு பேர், சுற்றிலும் உப்பளம். படத்தின் பேர் 'ஒரே உதை, ஒன்பது தாதா'.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படத்தை நெட்டில் ஏற்றினார். மதியம் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஊருக்கும் போட்டுக் காட்டினார். முடிந்ததும் எல்லாரும் டீக்கடைக்கு வந்தோம். பாய் பேசாமல் டீ குடித்துவிட்டுப் போயிருக்கலாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்.

"கத்திரிண்ணா, எப்புடி இருக்குது? மனசுல பட்டத சொல்லுங்க."

கத்திரி அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "பேரு ஒன்பது தாதா. எண்ணிப் பாத்தா நாலு மூஞ்சிதான் இருக்குது. செத்தவனே தொப்பிய மாத்திகினு திரும்ப வர்றான். மூணாவது வாட்டி அவன நீ கொல்லும்போது எனக்கே பாவமா பூட்டுது பாய்."

பெஞ்ச் சிரித்தது. பாயும் சிரித்தார்.

"அப்புறம், ஹீரோவுக்கு முட்டி பேந்து ரத்தம் ஊத்துது. குமிச்சி வச்ச உப்பு மேல ஜம்முனு உக்காந்துகினு ரெண்டு நிமிஷம் டயலாக் பேசுற. எங்க அளத்துல எவனாச்சும் புண்ணோட உப்பு மேல உக்காந்து, அம்மான்னு கத்தாம ஒரே ஒரு வார்த்த பேசட்டும், நான் மீசைய எடுத்துடறேன்."

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அளத்தில் வேலை செய்கிறவர்கள். அந்த எரிச்சல் என்னவென்று தெரிந்தவர்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. பாய் இந்த முறை சிரிக்கவில்லை.

"மொத்தத்துல கத வெளையல பாய். தண்ணியாவே நிக்குது."

"சரிங்ணா" என்றார் பாய். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கொட்டகை திறக்கவில்லை. வெள்ளை டிரெஸ் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்றாம் நாள் பாய் என் கடைக்கு வந்தார். "வர்ற ஞாயித்துக்கிழம படத்த நெட்டுல இருந்து தூக்கிடறேன்ணா. கிளாஸையும் மூடிட்டு சவுதிக்கு மச்சான் கடைக்குப் பூடறேன். ஊரே சிரிக்குது" என்றார். படத்துக்குக் கீழே மொத்தம் நாலு கமென்ட். நாலும் அவருடைய பிள்ளைகள் போட்ட 'சூப்பர் மாஸ்டர்'.

எனக்கு வந்த கோபத்தில் நேரே டீக்கடைக்குப் போய், "அண்ணா, உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடக் கூடாதா? அந்த மனுசன் ஊரவிட்டே போறாரு" என்று கத்தினேன். அன்றைக்கு டீயில் சர்க்கரை ஜாஸ்தி. கத்திரி அண்ணன் அதைக்கூடச் சொல்லாமல் குடித்துவிட்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை பாய் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அண்ணா, வெளிநாட்டுல எல்லாம் பாக்கறாங்ணா!" என்று போனை நீட்டினார்.

துபாய் குமார் என்பவர் எழுதியிருந்தார்: 'பட்டையக் கெளப்பிட்டீங்க மாஸ்டர். ஒவ்வொரு உதையும் நல்லா வெளஞ்சிருக்கு. ஆனா ரெண்டாவது ஃபைட்டுல கேமரா ஆடுது. கேமராமேனுக்கு ஜுரமா?' அவருக்கு மலேசியா மணி பதில் கொடுத்திருந்தார்: 'குமாருக்கு சினிமா தெரியாது. கேமரா ஆடுறதுதான் இப்ப ஸ்டைலு. படம் சூப்பர். பாட்டு மட்டும் வெளஞ்ச பாத்தியில மழ பேஞ்ச மாதிரி.' இரண்டு பேருக்கும் நடந்த சண்டையில் கோவை செல்வி புகுந்து சமாதானம் செய்திருந்தார்: 'அண்ணன்மார்களே, சண்டை வேண்டாம். பெண்கள் சார்பாக ஹீரோவுக்கு வாழ்த்துகள். ஹீரோ சட்டையில் ரெண்டாவது பட்டன் ஒரு சீனில் இருக்கிறது, அடுத்த சீனில் இல்லை.' இப்படிப் பதினாலு பேர். பாய் ஒவ்வொருவருக்கும் 'நன்றி' என்று பதில் போட்டு, கைகூப்புகிற பொம்மையும் போட்டிருந்தார்.

எனக்கு மட்டும் உறுத்தியது. துபாயில் உதை விளைகிறது, மலேசியாவில் பாத்தியில் மழை பெய்கிறது. இது என்ன கூத்து?

மறுநாளே விடை என் கடைக்கு வந்தது. கடற்காற்றில் கத்திரி அண்ணனின் போனுக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் ஏறாமல் போகும். கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் சுத்தம் செய்து ஆன் செய்ததுதான் தாமதம், துபாய் குமாருக்குப் பதில் வந்திருக்கிறது, மலேசியா மணிக்குப் பதில் வந்திருக்கிறது, கோவை செல்விக்குப் பதில் வந்திருக்கிறது என்று திரையே நிரம்பிவிட்டது.

"என்னண்ணா இது? நாலு பேர ஒன்பது தாதாவா காட்டுறாருன்னு சிரிச்சீங்க. இங்க ஒரே ஆளு பதினாலு தொப்பி மாத்தியிருக்கீங்க?"

"ஏம்பா, சத்தம் போடாத." முகம் சிவந்துவிட்டது. "வாய்க்குத்தான் பொய் வராது. வெரலுக்கு வருது. நான் என்ன பண்ண?"

"சரி, பாராட்டுறதுன்னா முழுசா பாராட்ட வேண்டியதுதானே? எதுக்கு நடுவுல குத்தம்?"

"அடக்கிப் பாத்தேன்பா, முடியல. ரெண்டு வரி நல்லா எழுதுனா மூணாவது வரியில கை தானா பூடுது. இதுல செல்வி அக்கவுன்ட்டு வேற பெரிய ரோதன. எவனோ ஒருத்தன் மணிக்கு ஒரு வாட்டி 'சாப்டீங்களா மேடம்'னு கேக்குறான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கு பாதி டீய வச்சிட்டுப் போனான் பாரு, ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கல. இந்தக் கரையில படம் பாக்கறவன் ஆயிரம் பேரு இருக்கறான். எடுத்தவன் அவன் ஒருத்தன்தானேப்பா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படத்தை யாரும் தூக்கவில்லை. கொட்டகையிலிருந்து 'ஹா, ஹூ' என்று பிள்ளைகள் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. நான் போய்ப் பார்த்தேன். என் வாய் சும்மா இருக்குமா? "பாய், அந்த கமென்ட்டு போடுறவங்க..." என்று ஆரம்பித்தேன்.

"கத்திரி அண்ணன்தானே?" என்றார் பாய். "அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சிடுச்சிண்ணா. கோயமுத்தூர் பொம்பளைக்கு நம்ம கேமராமேனோட பட்டப்பேரு எப்புடித் தெரியும்? அதையும் ஒரு கமென்ட்டுல எழுதிட்டாரு."

"கோவம் வரலையா?"

"மொதல்ல வந்துச்சி. அப்புறம் அந்த பட்டன் மேட்டர யோசிச்சேன். எடுத்த எனக்கே அது தெரியாதுண்ணா. ஒரு வாட்டி பாத்தவருக்கு அது தெரியுமா? அந்த மனுசன் உக்காந்து திரும்பத் திரும்ப பாத்திருக்காரு." பாய் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். "எங்க வாப்பாகூட இத முழுசா பாக்கலண்ணா. எனக்குத் தெரியும்னு கத்திரி அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வெக்கப்பட்டு நிறுத்திடுவாரு. அவரு நிறுத்திட்டா அடுத்த படத்த நான் யாருக்குக் காட்டுறது?"

நான் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கு இப்போது ஷூட்டிங் நடக்கிறது. கத்திரி அண்ணன் தினமும் பெஞ்சில் உட்கார்ந்து, இன்னும் எடுத்தே முடிக்காத அந்தப் படத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார். பாய் எதிரில் உட்கார்ந்து முழு டீயையும் குடிக்கிறார்.

நெட்டில் கத்திரி அண்ணன் எத்தனை பேராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு என் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிற அந்த ஒரு மனுஷன் போதும். ஒருநாள் அவர் வராவிட்டாலும், அன்றைய பகல் எனக்கு நகரவே மாட்டேன் என்கிறது.