குழாயடி நிர்வாகம்

குழாயடி வரிசை மறுபடியும் மாடிப்படி வரை வளர்ந்திருந்தது. புதிய தலைமையாசிரியர் பிளாஸ்கிலிருந்த வீட்டுத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, ஜன்னல் வழியே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தபோது வரிசை இன்னும் நீளமாகத் தெரிந்தது.

சோப்பு கம்பெனியில் மேலாளராக இருந்தே தலை நரைத்தவர் அவர். நகரத்து அரசுப் பள்ளிகளை நிமிர்த்த நிர்வாக அனுபவசாலிகள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வேலையை உதறிவிட்டு வந்துவிட்டார். இன்று கல்வி அதிகாரி வருகிறார். அவர் தலையாட்டினால்தான் பதவி நிலைக்கும். ஆட்டாவிட்டால் என்ன என்பதை மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"என் தம்பி கடையில பில்லு போட ஆள் தேடுறான். சொல்லி வைக்கட்டுமா?"

"உன் தம்பிகிட்ட கைகட்டி நிக்கறதுக்கு, தெருத்தெருவா சோப்பு விக்கப் போயிடுவேன்."

வந்த புதிதில் அவர் வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார்ந்தார். வகுத்தல் நடத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சரிடம், "எதுக்கு இவ்ளோ சுத்தறீங்க? நேரா விடைக்குப் போயிடுங்களேன்" என்று யோசனை சொன்னார். தமிழ் வாத்தியாரிடம், செய்யுளில் பாதியைக் குறைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றார்.

மறுநாளே கணக்கு டீச்சர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், குழாயடியில ஒரே தள்ளுமுள்ளு. உங்களை விட்டா யாராலயும் அடக்க முடியாது."

அன்றிலிருந்து அவருக்கு வகுப்புப் பக்கம் போக நேரமே இல்லை. டோக்கன் கொடுத்தார். டோக்கனைத் தொலைத்தவர்களுக்கென்று தனி வரிசை முளைத்தது. இரண்டும் இடித்துக்கொள்ளாமல் இருக்கக் கயிறு கட்டினார். கயிற்றில் சிக்கியவர்களை விடுவிக்கவே அரைநாள் போயிற்று. காத்திருக்கும் வாடிக்கையாளர் முகம் சுளிக்கக் கூடாதென்று பெஞ்சு போட்டார். பெஞ்சில் இடம் பிடிக்க ஒரு வரிசை நின்றது.

"எதைச் செஞ்சாலும் நீளுதே, டீச்சர்."

"விட்றாதீங்க சார். கிளாஸையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அதிகாரி வந்ததும் வராததுமாக வகுப்புகளுக்குள் நுழைந்தார். வகுப்புகளை எட்டிப் பார்த்தே பல நாளாகியிருந்த தலைமையாசிரியர் பின்னாலேயே நடந்தார். ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் பிள்ளைகள் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார்கள். கடைசி பெஞ்சுகூட எழுந்து வந்து கரும்பலகையில் வகுத்துக் காட்டியது. தமிழ் வகுப்பு முழுச் செய்யுளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தது.

"நான் பாத்த ஸ்கூல்லயே இதான் முதல். எப்படி சார் சாதிச்சீங்க?"

"எல்லாம் நிர்வாகம்தான்" என்றார் தலைமையாசிரியர், பணிவாக. மச்சானின் கடை கண்ணிலிருந்து மெல்ல மறைந்தது.

பேசிக்கொண்டே குழாயடிக்கு வந்தார்கள். கணக்கு டீச்சரும் அவசரமாகப் பின்னால் வந்தார். வரிசை கயிற்றுக்குள் அடக்கமாக நின்றது. மூன்று மாடி ஏறி இறங்கிய தாகத்தில் அதிகாரி குழாயைத் திருகினார். குழாய் ஒரு கொட்டாவி விட்டது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

"தண்ணியே வரலையே. அப்புறம் எதுக்கும்மா இங்க நிக்கிறீங்க?"

முதலில் நின்ற சிறுமி, கணக்கு டீச்சர் கண்ணைக் காட்டியதைக் கவனிக்கவில்லை.

"நாங்க பின்பக்கக் குழாயிலதான் குடிப்போம் சார். பெரிய சார் கிளாஸுக்குள்ள வராம இருக்கணும்னு தினம் ஒரு கிளாஸ் இங்க வந்து நிக்கும், இன்னிக்கு எங்க முறை."