எதிர்வண்டியும் பன்னாட்டுத் தீவிரவாதமும்

பன்னாட்டுத் தீவிரவாதம் நாமக்கல் மாவட்டத்தில் ஒரே ஒரு மனிதரைத்தான் நேரடியாகத் தாக்கியிருக்கிறது. அவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் எதிர்வண்டி. இத்தனைக்கும் அவர் ஒரு தீவிரவாதியையும் கண்டதில்லை. எந்தத் தீவிரவாதியும் அவரைக் கேள்விப்பட்டதில்லை.

எருமப்பட்டிப் பக்கம் பிறந்தவர். இருபத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். நெடுந்தொலைவு செல்லும் ஓட்டுநர்கள், எதிரே வரும் லாரியைக் கைகாட்டி நிறுத்தி, “அந்தப் பக்கம் லைன் எப்படி?” என்று கேட்பது வழக்கம். பாலம் உடைந்திருந்தாலும் மறியல் நடந்தாலும் அதை முதலில் அறிந்தவன் அங்கிருந்து வருபவன்தானே. மற்றவர்கள் ஓய்வு பெற்றதும் இவ்வழக்கத்தை விட்டுவிட்டார்கள். இவர் விடவில்லை. ஒருமுறை, பல் மருத்துவரிடமிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“உள்ளார லைன் எப்படிங்க வாத்தியாரே?”

வாயைத் திறக்க இயலாமையால் கையை மட்டும் அசைத்தேன். “ரோடு சரியில்லீங்களாட்ட” என்று தமக்குத் தாமே தீர்ப்பளித்துக்கொண்டு வீடு திரும்பியவர், தாம் காட்ட வந்த பல்வலியோடு மூன்று மாதம் இருந்தார். எதிர்வண்டி என்ற பெயர் அன்றுதான் நிலைத்தது.

அவர் மனைவி சரசு அம்மையாருக்கு வாழ்வில் ஒரே ஓர் ஆசை: பனியைக் கையால் அள்ளிப் பார்க்க வேண்டும். கணவர் ஆப்பிள் ஏற்றுவதற்காக இமயமலை வரை போய், பனியில் நின்று பல் துலக்கியவர். அம்மையாருக்கு வந்து சேர்ந்தது ஆப்பிள் மட்டுமே. அங்கேயே அழைத்துப் போகிறேன் என்று அவர் சொன்னபோது அம்மையார் மறுத்துவிட்டார்.

“அது நீங்க பொழப்புக்குப் போன ஊருங்க. நீங்களும் பாக்காத ஊரா ஒண்ணு பாருங்க. வெளிநாடு போலாம்.”

இருவரும் கடவுச்சீட்டு எடுத்தார்கள். அன்று தொடங்கியது ஆராய்ச்சி. எந்த நாட்டில் தீவிரவாதிகளால் ஆபத்து குறைவு என்று தீர்மானிக்காமல் பயணச்சீட்டு வாங்குவதில்லை என்றார். இது நியாயமான கவலைதான்; ஒரு வாரத்தில் தீரக்கூடியது என்று நாங்கள் நினைத்தோம். ஒன்பது ஆண்டுகள் ஆயின.

நாட்டுக்கொரு பக்கமாக ஓர் ஏடு எழுதினார். சில மாதங்களுக்கு ஒரு நாடு தேறும், மறு மாதம் தொலைக்காட்சியில் ஏதேனும் செய்தி வரும், அந்நாடு கோடிட்டு அடிக்கப்படும். பனி கிடையாது என்றாலும் கொஞ்சநாள் சிங்கப்பூர் முன்னிலையில் இருந்தது. பிறகு அதையும் அடித்துவிட்டார். காரணம் கேட்டேன்.

“எல்லாமே ஒழுங்கா இருக்குதுங்களாமா. எப்படிங்க எல்லாமே ஒழுங்கா இருக்கும்? எனக்கு அங்கதான் இடிக்குது.”

இடையில் ஒரு நாள், வெளிநாட்டு அரசு ஒன்று தன் குடிமக்களுக்கு வெளியிட்ட பயண அறிவுரையைக் கொண்டுவந்து, தமிழில் சொல்லுமாறு கேட்டார். சொன்னேன். நெரிசல் மிகுந்த சந்தைகள், பேருந்து நிலையங்கள், வழிபாட்டிடங்கள் ஆகியவற்றைத் தவிர்க்கவும் என்றிருந்தது. இது எந்த நாட்டைப் பற்றியது என்று கேட்டார். இந்தியாவைப் பற்றியது என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகவில்லை. காய்கறிச் சந்தைக்கும் போகவில்லை. அவர்கள் வீட்டு உரையாடல் என் வீட்டுச் சன்னல் வழியே தெளிவாகக் கேட்டது.

“சந்தைக்கெல்லாம் போவ வேண்டாங்கறான் புள்ள, அந்த நாட்டுக்காரன்.”

“அந்த நாட்டுக்காரனா உங்களுக்குக் கொழம்பு வெக்கறான்?”

திங்கட்கிழமை தடை நீக்கப்பட்டது. ஆனால் அம்மையார் அன்றே தம் தீர்ப்பையும் சொல்லிவிட்டார். கடவுச்சீட்டுக் காலாவதியாக இன்னும் பத்து மாதம்தான் இருந்தது.

“இதுல ஒரு முத்திரையாவது விழுகோணும். வெறும் பக்கமாவே முடிஞ்சுதுன்னா நான் புதுப்பிக்க மாட்டனுங்க. பனியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு இருந்துக்கறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்வண்டி கலங்கியிருக்க மாட்டார். அம்மையார் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

ஆகவே அவர் தம் கைகண்ட முறைக்கே திரும்பினார். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. ஞாயிறுதோறும் அங்கே போய், பயணிகள் வெளியேறும் வாசலில் நின்று, வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கைகாட்டி நிறுத்தி விசாரிக்கலானார். நான்காம் ஞாயிறு நண்பகலில் விமான நிலையத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. ஐயத்தின்பேரில் ஒருவரை உட்கார வைத்திருப்பதாகவும், அவரை அறிந்தவர் யாரேனும் வர வேண்டும் என்றும் சொன்னார்கள். நானும் அம்மையாரும் விரைந்தோம்.

பாதுகாப்பு அதிகாரி ஆத்தூர்க்காரர், பொறுமையானவர். எங்களை எதிர்வண்டியின் பக்கத்தில் அமரச் செய்து, விசாரணையைத் தொடர்ந்தார்.

“எந்த எடத்துல கூட்டம் ஜாஸ்தின்னு வர்றவங்ககிட்ட எல்லாம் கேட்டீங்களா?”

“கேட்டனுங்க.”

“போலீஸ் எத்தன பேரு நிக்கறாங்கன்னு கேட்டீங்களா?”

“ஆமாங்க.”

“பையைத் தொறந்து பாக்கறாங்களான்னு?”

“அதத்தானுங்க முக்கியமாக் கேட்டேன்.”

“எதுக்குய்யா?”

“குண்டு வெக்கறவன் எங்க வெப்பான்னு தெரிஞ்சாத்தானுங்களே நாம அங்க போவாம இருக்கலாம்?”

அதிகாரி எழுதுவதை நிறுத்திப் பேனாவை மேசைமேல் வைத்தார். ‘குண்டு’ என்ற சொல்லை அந்த அறையில் யாரும் அவ்வளவு இயல்பாகச் சொல்லி அவர் கேட்டதில்லை போலும். அடையாளச் சான்று கேட்டார். அம்மையார் இருவருடைய கடவுச்சீட்டுகளையும் எடுத்து வைத்தார். அவை முதன்முதலாகப் பயன்பட்டது அன்றுதான்.

“ஒம்பது வருஷமாச்சு, ஒரு நாட்டுக்கும் போகலையா?” என்றார் அதிகாரி, வெற்றுப் பக்கங்களைப் புரட்டியபடி.

“இவரு எங்கயும் போவ மாட்டாருங்க சார்,” என்றார் அம்மையார். “அதுக்கு நான் ஜாமீன்.”

அடுத்து, எதிர்வண்டி கையோடு கொண்டுவந்திருந்த ஏடு சோதிக்கப்பட்டது. அதிகாரி உரக்கப் படித்தார்.

“‘பாரிசு. கோபுரத்தடியில் பெருங்கூட்டம். சரசு கையை விட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பாள்.’ ‘லண்டன். பூமிக்கடியில் ரயில். சத்தம் கேட்டால் எல்லாரும் ஓடுவார்கள். சரசுவுக்கு முழங்கால் வலி, ஓட முடியாது.’ ‘சுவிட்சர்லாந்து. பனி வழுக்கும். தீவிரவாதி ஓடினால் விழுவான். சரசுவும் விழுவாள்.’”

இருபத்தேழு நாடுகள். இருபத்தேழும் அம்மையாரில்தான் முடிந்தன. அதிகாரி ஏட்டை மூடினார்.

“சரசுங்கறது யாரு?”

“நானுங்க.”

அதிகாரி எதிர்வண்டியைப் பார்த்தார். “உங்களுக்கு ஒண்ணு ஆனா என்னன்னு ஒரு வரிகூட எழுதலையே?”

“நாம வண்டிங்க சார். அடிபட்டாத் தட்டி எடுத்துக்கலாம். லோடு பத்திரமா எறங்கோணுமுங்க.”

“என்னைய லோடுங்கறாருங்க,” என்று அம்மையார் அதிகாரியிடம் முறையிட்டார். ஆனால் முறையீட்டில் வலுவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அந்த ஏடு வீட்டு அலமாரியில்தான் இருந்தது; அம்மையார் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, ஓட முடியலீன்னா நான் ஒக்காந்துக்கறேன். நீங்களும் கூட ஒக்காந்துக்குங்க. அவ்வளவுதானுங்களே?”

எதிர்வண்டி ஏட்டைக் கையில் வாங்கினார். பக்கங்களைப் புரட்டினார். இருபத்தேழு நாடுகளிலும் எங்கே ஓடுவது என்றுதான் எழுதியிருந்தார். உட்காருவது பற்றி ஒரு குறிப்பும் இல்லை.

“ஒக்காரலாம்,” என்றார் கடைசியாக. “ஒக்கார்றதுன்னா எந்த நாடும் ஆகும்.”

“பெரியவரே, அத வெளியில போயிப் பேசிக்குங்க,” என்றார் அதிகாரி. இனி அந்த வாசலில் நிற்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார். வாசகத்தை நான்தான் எழுதினேன், பிழையில்லை.

இரண்டே மாதத்தில் இருவரும் ஒரு சுற்றுலாக் குழுவோடு சுவிட்சர்லாந்து போய் வந்தார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பினார்கள். சரசு அம்மையார் சேலைக்கு மேல் தடித்த மேற்சட்டையும் கம்பளித் தொப்பியும் அணிந்து பனியில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரு கைகளிலும் பனி. வாய் நிறையச் சிரிப்பு. அருகில் எதிர்வண்டியும் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் படமெடுப்பவரையோ மலையையோ அவர் பார்க்கவில்லை. முகத்தை முழுவதுமாகத் திருப்பி, மனைவியின் முதுகுக்குப் பின்னால் வருவோர் போவோரை ஒவ்வொருவராகக் கண்காணித்துக்கொண்டிருக்கிறார். படத்தில் தெரிவது அவருடைய ஒரு காது மட்டுமே.

இவ்வாண்டு நானும் என் மனைவியும் வெளிநாடு போவதாக இருக்கிறோம். எந்த நாடு என்பது இன்னும் முடிவாகவில்லை. எதிர்வண்டி உடன் வருகிறார் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.