ஐம்பத்திரண்டு வயது மாமியார்

ஒப்பனை அறைக் கண்ணாடியில் ஹருயோவின் கண்ணில் தன் முகம் படவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த மியாகோவின் முகம்தான் பட்டது. வயிறு எரிந்தது.

ஹருயோவுக்கு வயது ஐம்பத்திரண்டு. எட்டு வருடமாகவே ஐம்பத்திரண்டுதான். தொலைக்காட்சித் தொடர்களில் இது அவளுக்குப் பதினோராவது மாமியார் வேடம். மருமகள் வைத்த மிசோ சூப்பில் உப்பு கூடிவிட்டது என்று முகம் சுளிக்க வேண்டும், அவ்வளவுதான். மியாகோவோ அதே தொடரில் அறுபது வயதில் காதலிக்கும் கதாநாயகி. அதுவும் நாற்பது வயதுப் பூக்கடைக்காரனை! சாவதற்குள் அப்படி ஒரு வேடம் கிடைக்காதா என்று ஹருயோ ஏங்காத நாளில்லை.

"அறுபது வயசுக்காரிக்கு இவ்ளோ கறுப்பு முடியா? யார் சார் நம்புவாங்க?" என்று இயக்குநர் குரோஸேயிடம் பற்றவைத்தாள்.

"அட, ஆமால்ல!"

மியாகோவுக்கு நரைத்த விக் வந்தது. அந்த வாரம் ஒளிபரப்பானதும், நரை இவ்வளவு அழகா என்று ரசிகைகள் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். ஹருயோவுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

விடுவாளா? அறுபது நிறைந்தவர்களுக்குப் போட்டுவிடும் சிவப்புக் கையில்லா அங்கியை வீட்டிலிருந்தே கொண்டுவந்தாள்.

"அறுபதாம் பிறந்தநாள் சீன் ஒண்ணு வைங்க சார். இத மாட்டுனா கிழவின்னு பளிச்சுனு தெரியும்... அதாவது, யதார்த்தமா இருக்கும்."

"புத்தம் புதுசா இருக்கே ஹருயோ-சான். யாரோடது?"

"எங்க... மாமியாரோடது."

பூக்கடைக்காரன் அந்த அங்கியின் முடிச்சைக் கட்டிவிட்டு, மியாகோவின் கையை விடாமல் நின்ற காட்சியில் ஒளிப்பதிவாளரே மூக்கை உறிஞ்சினார். அதுவே கடைசிக் காட்சி. எல்லோரும் கைதட்டி மியாகோவுக்குப் பெரிய பூங்கொத்து கொடுத்தார்கள்.

ஒப்பனை அறையில் ஹருயோ பொறாமை தாங்காமல் அழுதே விட்டாள். ஒப்பனைக்காரி நத்சுமி வழிந்த மையைத் துடைத்தாள்.

"எனக்கென்னடி கொறச்சல் நத்சுமி? அந்த வேஷத்துக்கு என்னை ஏன் ஒருத்தரும் கேக்கல?"

"கேட்டாங்களே அக்கா! உங்களை நெனச்சுத்தான் கதையே எழுதினாங்களாம். நிஜமாவே அறுபது ஆனவங்கதான் வேணும்னு டைரக்டர் ஒத்தக் கால்ல நின்னாரு. உங்க மேனேஜர்தான், 'எங்க அக்காவுக்கு இன்னும் எட்டு வயசு பத்தாது'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு."