சிவப்புப் பெட்ரோலும் என் தலைத் தீபாவளியும்

பொறாமை பிடித்தவனுக்கு யார் நல்லது சொன்னாலும் காதில் ஏறாது. அதிலும் சொல்கிறவன் பெண்டாட்டியின் முறைப்பையனாக இருந்துவிட்டால், நெருப்பு சுடும் என்று அவன் சொன்னால்கூடக் கையை வைத்துப் பார்க்கத் தோன்றும்.

அப்போது நான் கோத்தா திங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணி. தலைத் தீபாவளிக்கு மூவாரில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். எண்ணெய்க் குளியல், பட்டு வேட்டி, பலகாரத் தட்டு என்று ராஜ உபசாரம். அதெல்லாம் வாசலில் ஒரு பச்சை ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு வந்து நிற்கிற வரைக்கும்தான். இறங்கியவன் ரத்தினம், என் மனைவி மங்களத்தின் தாய்மாமன் மகன். சிங்கப்பூரில் வியாபாரம்.

வீடே காரைச் சுற்றிக்கொண்டது. என் பலகாரத் தட்டும் அவன் பக்கம் போய்விட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மங்களம் அவனை, "வாங்க அத்தான்" என்றாள். என்னைக் கல்யாணம் ஆன நாளாக 'ஏங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். (தபால்காரனையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.) எனக்கு வயிறு எரிந்தது. அந்த 'அத்தான்' எனக்கு வேண்டும், எனக்கு மட்டும் வேண்டும்.

சாயங்காலம் பொண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போகவேண்டும். ரத்தினம் சாவியை நீட்டினான்.

"காரு இருக்கையில ரிக்‌ஷா எதுக்கு அண்ணே? ரெண்டு சீட்டுதான், நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க. டேங்கு காலி. தவுக்கே கடையில சிவப்புப் பெட்ரோல் போட்டுக்கங்க. வெள்ளை இந்த இஞ்சினுக்கு ஒத்துக்காது."

(அத்தை மகளைக் கட்டியவன் அண்ணன் முறையாம்.) டிரைவர் வராத நாளெல்லாம் தோட்டத்து லாரியை ஓட்டுகிறவன் நான். எனக்கு இவன் பாடம் சொல்வதா என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே கிளம்பினேன்.

தவுக்கே, அதாவது சீன முதலாளி, கடை வாசலில் கையால் இறைக்கிற பம்புகள் இரண்டு. மேலே கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பெட்ரோல் ரோஜா சர்பத் நிறம், மற்றதில் தண்ணீர் நிறம். தவுக்கே காரைப் பார்த்ததுமே சிவப்புப் பம்புக்கு நடந்தார்.

"அது வேணாம் தவுக்கே, வெள்ளை போடுங்க."

"மானா போலே லா, அது எப்படி முடியும்? இந்தக் காரு சிவப்புதான் குடிக்கும்."

"அத்தானும் அதத்தானே சொன்னாங்க" என்றாள் மங்களம்.

அந்த ஒரு சொல்லில் காரின் தலையெழுத்து முடிவாயிற்று. "அது வெறும் சாயம். டவுன்காரனுங்க சாயத்துக்குக் காசு குடுக்கிறானுங்க. எங்க லாரி வெள்ளையிலதான் மேடு ஏறுது" என்று டேங்கை நிரப்பினேன். (அழுத்தம் கூடின இஞ்சினுக்கு ஆக்டேன் கூடின பெட்ரோல் வேண்டும் என்று இப்போது பேரன் விளக்குகிறான். லாரிக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் வித்தியாசம் நிறம் மட்டும் இல்லையாம்.)

கொஞ்ச தூரத்திலேயே இஞ்சினுக்குள் உரலில் மிளகாய் இடிக்கிற சத்தம் கிளம்பியது.

"என்னங்க அது?"

"ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தான்."

"அத்தான் ஓட்டறப்ப கேக்கலையே."

ஆத்திரத்தில் இன்னும் அழுத்தி மிதித்தேன். கோயில் வாசலில் நிறுத்தி, கூட்டம் பார்க்கச் சாவியைத் திருகி, உருவி, விரலில் சுற்றிக்கொண்டே இறங்கினேன்.

இஞ்சின் நிற்கவில்லை. குலுங்கிக் குலுங்கி, புகையைக் கக்கிக்கொண்டு, தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ள, சாவியத் திருப்புங்க" என்றது கூட்டம்.

"சாவி கையிலதான் இருக்கு" என்று தூக்கிக் காட்டினேன். அப்புறம்தான் விஷயம் விபரீதமாயிற்று. காத்து கருப்பாக இருக்கும் என்று குருக்கள் கற்பூரத் தட்டோடு ஓடி வர, பெட்ரோல் வண்டிப் பக்கம் கற்பூரமா என்று நான் அவரைத் துரத்த, வேட்டி கதவில் மாட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் காருக்குள்ளிருந்து மங்களம், "அத்தான்" என்று கூப்பிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. "என்னம்மா" என்று குழைந்துகொண்டு திரும்பினேன். அவள் பார்வை என் தோளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ரத்தினமும் மாமனாரும் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை அழுத்தி, கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். கார் ஒரு உதறு உதறி அடங்கியது. (ஒத்துக்கொள்ளாத பெட்ரோல் இஞ்சின் சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும், சாவியை உருவினாலும் ஓடும் என்பதும் பேரன் சொல்லித்தான் தெரியும்.)

"வெள்ளையா அண்ணே?" என்று என் காதோடு கேட்டான். தலையாட்டினேன். அவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ரொம்ப நாளா இந்த வண்டியில இந்தத் தொந்தரவு இருக்கு மாமா. அண்ணனா இருக்கப் போயி பத்திரமா கொண்டாந்தாங்க" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பாவி.

மங்களம் வீடு திரும்பும்வரை ரிக்‌ஷாவில் சிரித்துக்கொண்டே வந்தாள். "அத்தான்னா ரெண்டு பேரும் திரும்புறீங்க. இனிமே அவங்க சிவப்பு அத்தான். நீங்க வெள்ளை அத்தான்."

இன்றைக்கும் பேரன் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, "தாத்தா, எது போடலாம்?" என்று வம்புக்குக் கேட்பான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வரும்.

"வெள்ளை அத்தானை மட்டும் கேக்காதடா."

ஆசைப்பட்ட சொல் கிடைத்துவிட்டது. அதன் முன்னால் ஒட்டிக்கொண்டதுதான் கழன்றபாடில்லை.