துரையின் மூச்சுக் குழாய்

நட்டைக் கழற்றியதும் "டப்" என்று ஒரு சத்தம். ரப்பர்க் குழாய் துள்ளி எழுந்து, பொன்னையாவின் தலைப்பாகையைத் தட்டிவிட்டுச் சுவரிலிருந்த காலண்டரையும் கீழே இறக்கியது.

"காத்துப் போத்தலை மூடி, குழாய்க்குள்ள நிக்கிற காத்தையும் எறக்கிட்டுல்ல கழட்டணும்?" என்றாள் அவன் மனைவி வீரம்மா. "பம்பு ஸ்டவ்வுக்கே அப்பிடித்தானேங்க?"

"தெரியும். காத்து இருக்கான்னு பாத்தேன்."

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் இரண்டாவது பிட்டர் பொன்னையா. தலைமைப் பிட்டர் ஓய்வுபெறப் போகிறார். அந்த வேலைக்காக இவன் ஏங்கிக் கிடந்தபோதுதான், கடலுக்கடியில் மூச்சுவிடும் கருவியைத் தோட்ட மேலாளரான துரை இவன் கையில் கொடுத்தார். கப்பற்படையிலிருக்கும் துரையின் மச்சான் தந்த பரிசு அது. ஞாயிற்றுக்கிழமை துரையும் மச்சானும் திருகோணமலையில் முக்குளிக்கப் போகிறார்கள். குழாயில் ஒரு கீறல். பெட்டியிலேயே புதுக் குழாய் இருந்தது, மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

"பெரிய பிட்டர விட்டுட்டு என்னையக் கூப்பிட்டாரு பாத்தியா?" என்று வீரம்மாவிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

புதுக் குழாயை மாட்டி, இரண்டடி ஸ்பானரால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். போத்தலைத் திறந்தான். "உஸ்ஸ்" என்றது.

தொழிற்சாலைத் தண்ணீர்க் குழாய்க்குச் செய்வதுபோல மரையில் சணலைச் சுற்றி, வெள்ளை ஈயம் அப்பி மறுபடி இறுக்கினான். இப்போது இரண்டு இடத்தில் "உஸ்ஸ்".

"வாயில வச்சாத்தான் சரியாத் தெரியும்" என்று கருவியைக் கடித்துக்கொண்டு வாளித் தண்ணீருக்குள் தலையை விட்டான். தும்மிக்கொண்டு எழுந்தபோது மீசையெல்லாம் வெள்ளை ஈயம். லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலில் கூடிச் சிரித்தது. பொன்னையாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"பழைய வளையத்த எடுத்தீங்களா?" என்றாள் வீரம்மா.

"எந்த வளையம்?"

அவள் காற்றை இறக்கி, குழாயைக் கழற்றி, சணலையும் ஈயத்தையும் துடைத்தெடுத்தாள். உள்ளே ஒட்டியிருந்த பழைய ரப்பர் வளையத்தைத் தீக்குச்சியால் நெம்பி வெளியே போட்டாள்.

"ஸ்டவ்வு வாசர் மாதிரிதான். புதுக் குழாயோட புது வளையம் இருக்கு; ஒண்ணுக்கு மேல ஒண்ணு நிக்காது. கையால திருகுங்க. கடைசியாச் சின்ன ஸ்பானரால லேசா ஒரு திருப்பு, போதும்."

திருகினான். போத்தலைத் திறந்து வாளியில் முக்கினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. வீரம்மாவைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது; லயம் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டான்.

பங்களாவில் துரையும் கருவியைத் தண்ணீரில் முக்கினார். திருப்பித் திருப்பி முக்கினார்.

"கொஞ்சமும் ஒழுகல?"

"இம்மியும் ஒழுகாதுங்க தொர."

துரையின் முகம் வெளுத்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குசினி வாசலில் சமையற்காரன் சூசைரட்ணம் தலையில் கை வைத்து நின்றான்.

"பாத்தியா சூச, தொரைக்குச் சந்தோசத்துல பேச்சே வரல" என்றான் பொன்னையா.

"சந்தோசமா? தண்ணியக் கண்டாலே நடுங்குற மனுசன், அவரே பிளேடால குழாயக் கீறிட்டு, தொட்டதெல்லாம் கெடுக்குற பிட்டர் யாருன்னு எங்கிட்ட கேட்டாருண்ணே. நாந்தான் ஒங்க பேரச் சொன்னேன்."